14,000 ரூபாய் டிக்கெட் 17,400 ஆவது எப்படி? மலிவு விமானக் கட்டணம்: ஓர் எளிய விளக்கம்

கிருஷ்ணகிரியில் ஆன்லைன் சேவைக் கடை நடத்துகிறேன். பட்டா நகல், மின்கட்டணம், ரயில் டிக்கெட் என்று வருபவர்களோடு இப்போது விமான டிக்கெட் கேட்டு வருபவர்களும் கூடிவிட்டார்கள். பட்டாளத்தில் இருக்கும் மகனைப் பார்க்க டெல்லிக்குப் போகும் பெற்றோர், கிரானைட் வியாபாரமாக வடக்கே போகிறவர்கள், பேரன் பிறந்ததைப் பார்க்க மும்பைக்குப் போகும் பாட்டி. பாதிப் பேருக்கு அதுதான் முதல் பயணம்.

பணம் கட்டும் நேரத்தில் கடையில் இரண்டு பேச்சு கேட்கும். "எல்லாமே ஏமாத்து வேலைங்க, காட்டுறது ஒரு விலை, வாங்குறது ஒரு விலை" என்பது ஒன்று. "பஸ் காசுக்குப் பறக்கலாம்னு விளம்பரமே வந்துச்சே, அதை எடுத்துக் கொடுங்க" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. இந்தக் கட்டணங்கள் எங்கிருந்து வருகின்றன, அவற்றில் எது நியாயம், எது நியாயமில்லை என்பதை என் கடைக்கு வருபவர்களுக்குச் சொல்வது போலவே இங்கே எழுதுகிறேன்.

கல்யாண மண்டபக் கணக்கு

விமானத்தை விட்டுவிட்டு மண்டபத்தில் இருந்து தொடங்குவோம். மண்டபம் பார்க்கப் போனால் வாடகை 60,000 என்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் அதோடு நிற்கமாட்டார்கள். கரண்ட் யூனிட் கணக்கா, ஜெனரேட்டருக்கு டீசல் யார் போடுவது, பாத்திரம் உண்டா, கேஸ் தனியா, கூட்டிப் பெருக்க எவ்வளவு, தண்ணி லாரி யார் பொறுப்பு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும், அதைச் சொல்லுங்க" என்று முடிப்பார்கள்.

தனித்தனியாகக் காசு வாங்குகிறார்களே என்று அப்போது யாரும் கோபப்படுவதில்லை. கரண்ட் போகவே இல்லை என்றால் டீசல் காசு மிச்சம். பாத்திரம் சொந்தமாகக் கொண்டுவந்தால் அந்தச் செலவும் மிச்சம். கோபம் வருவது வேறு இடத்தில். மறுநாள் காலையில் சாவியைக் கொடுக்கும்போது, முன்பே சொல்லாத 5,000 ரூபாயை மேனேஜர் பில்லில் எழுதி நீட்டும்போதுதான் கோபம் வருகிறது.

காசைப் பிரித்து வாங்குவது வேறு, மறைத்து வாங்குவது வேறு. மலிவு விமானத்தைப் பற்றிய பேச்சில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

ஏன் பிரித்து விற்கிறார்கள்?

முன்பெல்லாம் விமான டிக்கெட் வாங்கினால் சாப்பாடு, லக்கேஜ், இருக்கை எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. விலையும் நம் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கும் அளவில் இல்லை. ராணுவத்தில் கேப்டனாக இருந்த கோபிநாத் 2003-இல் பெங்களூரில் இருந்து ஏர் டெக்கானைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் மலிவு விமான நிறுவனம் அதுதான். ஒரு ரூபாய் டிக்கெட் என்று அது செய்த விளம்பரம் ஊரெல்லாம் பேச்சானது. 2005-இல் ஸ்பைஸ்ஜெட், 2006-இல் இண்டிகோ என்று மற்றவர்கள் வந்தார்கள்.

செலவை எப்படிக் குறைத்தார்கள்? தருமபுரி–சேலம் ரூட்டில் தனியார் பஸ் நடத்துபவரைக் கேட்டால் பாதிப் பதில் கிடைத்துவிடும். வண்டி ஓடினால்தான் காசு, ஸ்டாண்டில் நின்றால் நஷ்டம். மலிவு விமானமும் அப்படித்தான். இறங்கிய அரை மணி நேரத்துக்குள் மறுபடி கிளம்பிவிடப் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒரே வகை விமானமாக வாங்குவார்கள். அப்போது விமானி பயிற்சியும் உதிரி பாகமும் ஒரே மாதிரி போதும். பிசினஸ் கிளாஸ் என்று இடத்தை வீணாக்காமல், ஏர்பஸ் ஏ320 போன்ற விமானத்தில் சுமார் 180 இருக்கை போடுவார்கள். கனம் குறைந்தால் எரிபொருள் குறையும். இந்தியாவில் விமானச் செலவில் பெரிய பங்கு எரிபொருளுக்குத்தான் போகிறது.

கடைசி வழிதான் நம் பேச்சுக்கு உரியது. டிக்கெட்டுக்குள் இருந்தவற்றை வெளியே எடுத்துத் தனித்தனியாக விற்பது. உட்கார்ந்து போவதற்கு மட்டும் உரிய விலைக்கு அடிப்படைக் கட்டணம் என்று பெயர். சாப்பாடு, விருப்ப இருக்கை, கூடுதல் லக்கேஜ் போன்றவற்றில் வரும் காசைத் துணை வருவாய் என்கிறார்கள். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2013-இல் இப்படிப் பிரித்து விற்க அனுமதி கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு: பயணி தானாக விரும்பிக் கேட்டால்தான் அதை விற்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது.

இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. நம் அரசு பஸ்ஸிலேயே பெரிய மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் உண்டு. கையை வீசிக்கொண்டு ஏறுகிறவர் அடுத்தவர் மூட்டைக்கும் சேர்த்து ஏன் காசு கொடுக்க வேண்டும்? இந்த முறை வந்திருக்காவிட்டால் என் கடைக்கு வரும் பாட்டி மும்பைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போயிருக்கமாட்டார், ஒரு நாள் முழுக்க ரயிலில்தான் போயிருப்பார்.

சுருக்கமாக: விலை குறைந்ததற்கு விமானம் ஓயாமல் ஓடுவதும், இருக்கைகள் கூடியதும், சேவைகளைப் பிரித்து விற்பதும் காரணம். பிரித்து விற்பது சட்டப்படி சரி. கட்டாயப்படுத்தினால் சட்டப்படி தவறு.

விலை ஏன் ஓரிடத்தில் நிற்பதில்லை?

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் ஒரு விலை, வரத்து கூடினால் ஒரு விலை, மழை பெய்தால் ஒரு விலை. அழுகும் சரக்கு என்பதால் அன்றே விற்றாக வேண்டும். விமான இருக்கையும் அழுகும் சரக்குதான். விமானம் மேலே ஏறிய நொடியில் காலி இருக்கையின் விலை சுழியம். அதை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது.

ஆனால் தக்காளி உவமை இந்த இடத்தோடு நின்றுவிடும். சாயங்காலம் மிஞ்சிய தக்காளி மலிவாகும். விமானத்தில் கடைசி நாள் டிக்கெட் பெரும்பாலும் ஏறத்தான் செய்யும். ஏனென்றால் கடைசி நாளில் கேட்டு வருபவர் சாவு வீட்டுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, இன்டர்வியூவுக்கோ போகிறவர். அவருக்கு வேறு வழியில்லை என்பது நிறுவனத்துக்குத் தெரியும்.

உள்ளே நடப்பது இதுதான். 180 இருக்கைகளையும் ஒரே விலையில் வைக்காமல் படிப்படியாகப் பிரித்து வைப்பார்கள். கீழ்ப்படியில் மிகக் குறைந்த விலையில் சில இருக்கைகள் இருக்கும். அவை விற்றதும் அடுத்த படியின் விலை திரையில் வரும். தேவையைப் பார்த்துப் படிகளைக் கூட்டுவதும் குறைப்பதும் கம்ப்யூட்டர். இதற்குப் பெயர் மாறும் விலை. விளம்பரத்தில் "1,499 முதல்" என்று வருகிறதே, அதில் "முதல்" என்ற சின்னச் சொல் அந்தக் கீழ்ப்படியைத்தான் குறிக்கிறது. ஒரு ரூபாய் டிக்கெட்டும் சில இருக்கைகளுக்கு மட்டும்தான் இருந்தது.

"நான் ஒரு தடவை பார்த்துட்டுப் போனேன், மறுபடி பார்த்தா கம்ப்யூட்டர் விலையை ஏத்திடுச்சு" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது இவ்வளவுதான்: இடையில் வேறு யாரோ வாங்கி, கீழ்ப்படி காலியாகியிருக்கும். இன்னொன்றையும் நான் கடையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கீழ்ப்படியில் இரண்டு இருக்கைதான் மிச்சம் இருக்கும்போது நான்கு பேருக்குத் தேடினால், நான்கு பேருக்கும் மேல்படி விலையைக் காட்டிவிடும். இரண்டிரண்டாகத் தேடினால் இரண்டு பேருக்காவது குறையும். கூட குழந்தை இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அரசு பஸ் போல இதற்கு அரசு விலை வைக்காதா என்றும் கேட்கிறார்கள். 1994-க்குப் பிறகு விமானக் கட்டணத்தை நிறுவனங்களே வைத்துக்கொள்கின்றன. கொரோனா காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை, அரசு கட்டண எல்லை வைத்திருந்தது. அது நெருக்கடிக் கால ஏற்பாடு.

சொட்டுச் சொட்டாய் ஏறும் விலை

இப்போது தலைப்பில் உள்ள கணக்குக்கு வருவோம். எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை. கூட்டல் மட்டும் என் கடையில் தினமும் நடப்பது.

நான்கு பேர் குடும்பம். முதல் திரையில் ஆளுக்கு 3,500, மொத்தம் 14,000. பெயர், வயது எல்லாம் நிரப்பி அடுத்த திரைக்குப் போனால் விமானத்தின் படம் வரும், இருக்கை தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஆளுக்கு 300 என்று 1,200. அடுத்து பயணக் காப்பீடு, ஆளுக்கு 200 என்று 800. கடைசியில் பணம் கட்டும் திரையில் கன்வீனியன்ஸ் ஃபீ (ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு வாங்கும் சேவைக் கட்டணம்), ஆளுக்கு 350 என்று 1,400. இப்போது மொத்தம் 17,400.

சேர்ந்த 3,400-ஐப் பிரித்துப் பாருங்கள். இருக்கையும் காப்பீடும் சேர்ந்த 2,000 ரூபாய் வேண்டாம் என்று சொல்லக் கூடியது. இருக்கைக்குக் காசு கட்டாமலே தாண்டிப் போகலாம். நிறுவனமே ஓர் இருக்கையை இலவசமாக ஒதுக்கியாக வேண்டும். ஆனால் தாண்டும் பொத்தான் சிறிய எழுத்தில் ஓர் ஓரத்தில் இருக்கும். முதல்முறை வாங்குபவர் இருக்கை எடுக்காவிட்டால் நின்றுகொண்டு போக வேண்டுமோ என்று பயந்து கட்டிவிடுகிறார். என்னிடம் அப்படியே கேட்டவர்கள் உண்டு.

மீதி 1,400 வேறு வகை. ஒரே கார்டில், ஒரே தடவை, ஒரே ஓடிபி போட்டுத்தான் பணம் போகிறது. அதற்கு ஏன் தலைக்கு இவ்வளவு என்று நான்கு மடங்கு வாங்க வேண்டும்? ஆன்லைனில் வாங்குபவர் பெரும்பாலும் இதைத் தவிர்க்கவும் முடியாது. தவிர்க்க முடியாத செலவு டிக்கெட் விலையின் ஒரு பகுதிதான், அதை முதல் திரையிலேயே காட்டியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்படி முதலில் குறைத்துக் காட்டி, ஒவ்வொரு திரையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவதற்குச் சொட்டு விலை என்று பெயர். ஏன் இது பலிக்கிறது? பத்து நிமிடம் உட்கார்ந்து நான்கு பேர் விவரத்தையும் நிரப்பியவர், 300 ரூபாய்க்காக எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு தளத்துக்குப் போகமாட்டார். அந்தச் சலிப்பின் மீதுதான் விலை ஏற்றப்படுகிறது.

இது என் தனிப்பட்ட புகார் மட்டும் இல்லை. நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் "டார்க் பேட்டர்ன்" பற்றிய வழிகாட்டு விதிகளை அறிவித்தது. வாங்குபவரைத் தெரியாமல் ஒரு முடிவுக்குத் தள்ளும் திரை வடிவமைப்பு என்று அதற்குப் பொருள். 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறார்கள். சொட்டு விலை அதில் ஒன்று. கேட்காத பொருளைக் கணக்கில் நுழைப்பது, "இன்னும் ஒரே இருக்கைதான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, மறுப்பவரைக் கூச்சப்பட வைப்பது எல்லாமே அதில் உண்டு. கூச்சப்பட வைப்பதற்கு விதியே சொல்லும் உதாரணம் விமான டிக்கெட் தளம்தான்: காப்பீடு வேண்டாம் என்றால் "நான் பாதுகாப்பில்லாமல் இருக்கிறேன்" என்ற வாசகத்தை அழுத்த வைப்பது. சொட்டு விலைக்குக் கொடுத்த உதாரணத்திலும் விமான டிக்கெட் வருகிறது.

வெளிநாட்டிலும் இதே பிரச்சினைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 முதல், தவிர்க்க முடியாத எல்லாச் செலவையும் சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும். அமெரிக்காவில் 2012 முதல் வரியையும் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்துத்தான் விளம்பரம் செய்ய வேண்டும். கைப்பைக்குக் காசு வாங்கியது உள்ளிட்ட காரணங்களுக்காக 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு ஐந்து மலிவு விமான நிறுவனங்களுக்கு மொத்தம் 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது. நிறுவனங்கள் அதை எதிர்க்கின்றன.

சுருக்கமாக: கடைசித் திரையின் விலைதான் உண்மையான விலை. இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது கடைசித் திரையோடு கடைசித் திரையை ஒப்பிடுங்கள்.

மாம்பழப் பெட்டியும் எடை மெஷினும்

சில ஆண்டுகளுக்கு முன் மாம்பழ சீசனில் பர்கூர் பக்கத்தில் இருந்து ஒரு தம்பதி வந்தார்கள். டெல்லியில் இருக்கும் மகனுக்கு செந்தூராவும் அல்போன்சாவும் எடுத்துப் போக வேண்டும். நான்தான் டிக்கெட் போட்டேன். ஆளுக்கு 15 கிலோ லக்கேஜ், 7 கிலோ கைப்பை. டிக்கெட்டில் அது ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. நான் வாயால் சொல்லவில்லை.

பெங்களூரு விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. காலை விமானம் என்பதால் அவர்கள் நள்ளிரவில் டாக்சி எடுத்து, ஊரையே குறுக்காகத் தாண்டிப் போய்ச் சேர்ந்தார்கள். (விடிகாலை டிக்கெட் மலிவாகத் தெரியும். நம் பக்கத்தில் இருந்து போகிறவர்கள் அந்த டாக்சிக் காசையும் சேர்த்துப் பாருங்கள். தருமபுரிக்காரர்களுக்கு ஓமலூர் பக்கம் சேலம் விமான நிலையம் கிட்டே இருக்கிறது, போகும் ஊர்கள்தான் குறைவு.) கவுண்டரில் எடை போட்டால் 41 கிலோ. அனுமதி 30. மீதி 11 கிலோவுக்குக் கேட்ட காசு, பெட்டியில் இருந்த மொத்த மாம்பழத்தின் விலையைப் போலப் பல மடங்கு. ஒரு பெட்டியை அங்கேயே பிரித்து, கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஏறியிருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு அந்தப் பெரியவர் என்னிடம், "ஏம்ப்பா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதை வீட்டிலேயே வெச்சுட்டுப் போயிருப்பேனே" என்றார். அன்றிலிருந்து டிக்கெட் எடுப்பவர் எல்லோரிடமும் எடையைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அதே 11 கிலோவை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கியிருந்தால் கவுண்டர் விலையை விடக் குறைந்திருக்கும். மாதம் இரண்டு முறை பறக்கும் ஐடி ஊழியருக்கு இது தெரியும். அவர் 7 கிலோ பையோடு வருவார், இருக்கைக்குக் காசு கட்டமாட்டார், கார்டு தள்ளுபடியும் எடுப்பார். அவருக்கு உண்மையாகவே மலிவு. முதல்முறை வருகிற பெற்றோர்தான் இருக்கைக்கும் காப்பீட்டுக்கும் கூடுதல் எடைக்கும் கட்டுகிறார்கள். தெரிந்தவர் குறைவாகக் கொடுப்பதும் தெரியாதவர் கூடக் கொடுப்பதும் இந்த முறைக்குள்ளேயே அமைந்திருக்கிறது. இந்தக் கட்டணங்களில் என்னை வருத்துவது இதுதான். அறியாமைக்கு விலை வைத்து அதில் வருமானம் பார்ப்பது நியாயமான வியாபாரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

எடைக்குக் காசு வாங்கட்டும், அது நியாயம். வாங்குபவருக்குப் புரியும் மொழியில், பணம் கட்டும் முன்பே, பெரிய எழுத்தில் சொல்லிவிட்டு வாங்கட்டும்.

இருக்கையிலும் எனக்கு ஒரு கோடு உண்டு. ஜன்னலோரம் வேண்டும் என்பவர் காசு கொடுக்கட்டும். ஐந்து வயதுப் பிள்ளை அம்மா பக்கத்தில் உட்காருவதை ஆசை என்று சொல்ல முடியாது. டிஜிசிஏ 2024 ஏப்ரலில் இதைத் தெளிவாக்கியது: ஒரே பதிவு எண்ணில் (பிஎன்ஆர்) வரும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவர் பக்கத்திலாவது 12 வயது வரையுள்ள குழந்தைக்கு இருக்கை கொடுக்க வேண்டும். "ஒரே பதிவு எண்" என்பதைக் கவனியுங்கள். இரண்டிரண்டாக வாங்கினால் எண் பிரிந்துவிடும். குழந்தை இருந்தால் சேர்த்தே வாங்குங்கள் என்று நான் சொன்னது இதனால்தான்.

கேட்டு வாங்க வேண்டியவை

பயணம் ரத்தானால் "மலிவு டிக்கெட், ஒன்றும் திரும்ப வராது" என்று விட்டுவிடுகிறார்கள். அடிப்படைக் கட்டணம் போகலாம். வரிகளும், விமான நிலையத்துக்காக வசூலித்த பயனர் கட்டணமும் திரும்ப வந்தாக வேண்டும். சலுகை டிக்கெட்டானாலும், போகாமலே விட்டிருந்தாலும் இது பொருந்தும். ரத்துக் கட்டணம் என்ற பெயரில் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் விடக் கூடுதலாகப் பிடிக்கவும் முடியாது. கன்வீனியன்ஸ் ஃபீ மட்டும் பொதுவாகத் திரும்ப வராது.

கவுண்டரில் போர்டிங் பாஸ் அச்சிட்டுக் கொடுக்கக் காசு கேட்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. இருக்கைகளைவிடக் கூடுதலாக டிக்கெட் விற்று, உங்களை ஏற்றாமல் நிறுத்தினால் இழப்பீடு உண்டு. நிறுவனம் ஏற்பாடு செய்யும் மாற்று விமானம் 24 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போனால் அது 20,000 ரூபாய் வரை வரும்.

குறை இருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் அமைச்சகத்தின் ஏர்சேவா தளம் அல்லது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் அலுவலகம் குருகிராமில் இருக்கிறதே, அங்கே போய் யார் வழக்குப் போடுவது என்று தயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

அதற்குச் சான்று வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது முதல் திரையையும் பணம் கட்டும் திரையையும் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். என் கடையில் எடுப்பவர்களுக்கு அந்த இரண்டு படத்தையும் டிக்கெட்டோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன்.